ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் டிக்கெட்

ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து யார் வரப்போகிறார்கள் என்று நாமக்கல்லில் கேட்காத ஆள் இல்லை. அந்தக் காசுக்குப் பன்னிரண்டு அட்டை முட்டை வாங்கிவிடலாமே என்று மளிகைக் கடைக்காரர் கூடச் சிரித்தார்.

பிரவீனா சிரிக்கவில்லை. சீரகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை போடப்போவதே அவள்தான்.

பதினைந்து வருஷம் குத்துச்சண்டை ஆடியவள். மாநில அளவில் நாலு தங்கம். இப்போது வயது முப்பத்தாறு, தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். எதிரே நிற்கப்போவது தனப்பிரியா. டி.வி. தொடரில் தினமும் மாமியாரிடம் அழுகிற மருமகள். மூன்று மாதம் பயிற்சி எடுத்திருக்கிறாளாம்.

சேலத்தில் ஒரு ஏ.சி. கல்யாண மண்டபத்தில் ரிங் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போட்டி. போஸ்டரில் முக்கால்வாசி தனப்பிரியாவின் முகம். ஓரத்தில், ஆதார் கார்டு போட்டோ அளவுக்குப் பிரவீனா.

ஏற்பாடு செய்தவர் மோகன்குமார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் ஓட்டுகிறவர். எட்டு லட்சம் என்று அவர் சொன்னபோது பிரவீனா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். நாலு தங்கத்துக்கும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தது சான்றிதழும் ஒரு டிராக் சூட்டும்தான்.

"உனக்கே எட்டுன்னா அந்தம்மாவுக்கு முப்பதுக்குக் கொறையாது" என்றான் கணவன் தமிழரசு. "அத எடுக்கத்தான் டிக்கெட்ட இப்படி ஏத்தி வெச்சிருக்காங்க."

ஊரும் அதையேதான் சொன்னது. நடிகைக்குப் பேராசை என்றது. கூட ஆடிய பழைய தோழிகள் இரண்டு பேர், காசுக்காக விளையாட்டையே கூத்தாக்கிவிட்டாள் என்று பிரவீனாவிடம் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

போட்டிக்கு முதல் நாள் எடை பார்க்கிற இடத்தில் தனப்பிரியா கிட்டே வந்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் நாலு கேமரா நின்றது.

"எல்லாம் நாளைக்கு ரிங்குல பேசிக்கலாங்க" என்று பிரவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எண்ணூறு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு நூற்றைம்பது பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதி ஓசிப் பாஸ். முன்வரிசையில் மண்டபத்துக்காரரின் சொந்தபந்தம் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மோகன்குமார் பிரவீனா இருந்த அறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், மூணு ரவுண்டாச்சும் ஓட்டிருங்க. வந்தவங்களுக்காவது குடுத்த காசு செரிக்கோணுமில்லீங்க."

சரி என்று தலையாட்டினாள். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தாள்.

ரிங்கில் ஏறி நின்று பார்த்தபோதுதான் மனசு மாறியது. காலி நாற்காலிகள் அவளுக்குப் புதிதில்லை. பதினைந்து வருஷமும் காலி நாற்காலிக்கு முன்னால்தான் ஆடினாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஊரே திரண்டு வந்து தன் ஆட்டத்தைப் பார்த்திருக்கும். அதையும் இவள் பேராசை கெடுத்துவிட்டதே என்று எதிரே நிற்பவளைப் பார்த்தாள்.

தனப்பிரியா இரண்டு கையையும் நெஞ்சுவரை தூக்கிக் கும்பிட்டாள். இதுவும் நடிப்பு என்று பிரவீனா நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது.

இடது கையால் இரண்டு தட்டு, தூரம் பார்க்க. மூன்றாவதாக வலது கை போனது. அதில் ஓட்டுகிற எண்ணம் எதுவும் இல்லை. பதினைந்து வருஷத்துக் குத்து அது.

தனப்பிரியா உட்கார்ந்துவிட்டாள். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைப் பனியனில் சொட்டியது. நடுவர் எட்டு எண்ணுவதற்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் நிற்கவில்லை. நடுவர் கையை வீசி நிறுத்திவிட்டார்.

முழுசாக ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுக்கா ரெண்டாயிரத்து ஐந்நூறு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை வீசினார்கள். பிரவீனாவின் கையைத் தூக்கிக் காட்டினார் நடுவர். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மோகன்குமார் வந்து எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவருக்குத் திட்டவும் தெம்பில்லை.

"ஒரு வண்டிய வித்தாத்தான் இதுல இருந்து வெளிய வர முடியும்" என்றார். "உங்க பணம் காலைலயே அக்கவுண்டுல போட்டாச்சுங்க. அதப் பத்திக் கவலைப்படாதீங்க."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? கொட்டிக் குடுத்தீங்கல்ல, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"கொட்டிக் குடுத்தனா?" மோகன்குமார் நிமிர்ந்து பார்த்தார். "அவங்களுக்கும் அதே எட்டுதானுங்க."

பிரவீனாவின் கை நின்றது. "அப்பறம் எதுக்குங்க டிக்கெட்ட இப்படி ஏத்துனீங்க?"

"ஆயிரத்து ஐந்நூறு ரூவா டிக்கெட்டுன்னுதான் மொதல்ல போட்டிருந்தேன். மண்டபம் ரொம்பியிருக்கும். அப்ப உங்களுக்கு எழுபத்தஞ்சாயிரம்னு எழுதியிருந்தேனுங்க. அந்தம்மா அதப் பாத்துட்டுப் பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. 'அவங்க பதினஞ்சு வருஷம் ஆடுனவங்க, நான் மூணு மாசம். எனக்குக் குடுக்கறதவிட ஒத்த ரூபா அவங்களுக்குக் கொறஞ்சாலும் கையெழுத்துப் போடமாட்டேன்'னு நின்னுட்டாங்க" என்றார் மோகன்குமார். "டிக்கெட் ஏறுனதே உங்க பங்குக்குத்தானுங்க டீச்சர்."