மூன்று சிவப்பு வரிகள்

ஈப்போவில் மதியமே இருட்டிக்கொண்டு மழை கொட்டுகிறது. கலாதேவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தைகளுக்கான மருந்தளவைக் கணக்கிடும் அவளுடைய மென்பொருள் தொகுப்பை ஐந்து மணிக்குள் பொது மென்பொருள் களஞ்சியத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அங்குள்ள பரிசோதகர்கள் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பிழை இருந்தால் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவார்கள். தொகுப்பின் விளக்கக் குறிப்பில் உள்ள இணையப் பக்கங்களைத் தானாகத் திறந்து பார்க்கும் கடைசிச் சோதனையில் மூன்று சிவப்பு வரிகள்: 'இணைப்பு உடைந்திருக்கிறது.' "பொய் வார்னிங்க்கா," என்கிறாள் பக்கத்து மேசை சக்கீனா. "மெஷின் வந்தா அந்த வெப்சைட்டெல்லாம் கதவச் சாத்திரும். நாம போனா திறக்கும்லா. அப்படியே எழுதி அனுப்புங்க." கலாதேவி உடனே அனுப்பவில்லை. முதல் இணைப்பைத் தானே சொடுக்குகிறாள், திறக்கிறது. இரண்டாவதும் திறக்கிறது. மூன்றாவது, மருந்தளவு அட்டவணை இருக்கும் பக்கம். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு 'பக்கம் இல்லை' என்று வருகிறது. சக்கீனா எழுந்து வந்து பார்க்கிறாள். கலாதேவி அட்டவணையின் புதிய முகவரியைத் தேடிப் பிடித்து மாற்றுகிறாள். மற்ற இரண்டும் பொய் எச்சரிக்கை என்று பரிசோதகர்களுக்குக் குறிப்பு எழுதுகிறாள். மணி நாலரை. 'அனுப்பு' பொத்தானுக்குப் போன விரல் நின்றுவிடுகிறது. எச்சரிக்கையே வராத மீதி முப்பது இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்குகிறாள்.