எட்டு எழுத்துக்குள்

"மாத்த முடியாது மேடம்" என்றான் இனியன்.

ரேவதிக்குச் சுர்ரென்று ஏறியது. சென்னையில் பெரிய கம்பெனியில் பதினாலு வருடம் குப்பை கொட்டிவிட்டு, இங்கே டீம் லீடராக வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. செங்கம் ரோட்டு மாடியில் ஆறு பேர் இருக்கிற ஆபீஸில் ஒருத்தன் முகத்துக்கு நேராக இப்படிச் சொல்கிறான்.

பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜில் ரூம் பிடிக்க ஒரு ஆப். நாளை மறுநாள் பௌர்ணமி. இன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

புரோகிராமில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அது எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது ரேவதி போட்ட சட்டம். எல்லோரும் மாறிவிட்டார்கள். இனியன் மட்டும் 'இன்று காலியாக உள்ள அறைகளின் எண்ணிக்கை' என்று முழு வாக்கியத்தையே இங்கிலீஷில் பெயராக வைத்திருந்தான். ஒரு பெயரைப் படித்து முடிப்பதற்குள் கிரிவலமே ஒரு சுற்று போய் வந்துவிடலாம்.

"ஏன் முடியாது? காரணம் சொல்லுங்க."

"காரணம் கேக்காதீங்க மேடம். மாத்த மாட்டேன்."

ரேவதி நேராக முதலாளியிடம் போனாள். சாயங்காலம் வரை பாருங்கள், வழிக்கு வராவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். இனியன் மனைவிக்கு இது ஏழாம் மாதம் என்று ஆபீஸுக்கே தெரியும். அப்போதும் அவன் இறங்கி வரவில்லை. எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்.

சரி, அவன் செய்யாவிட்டால் என்ன, ஓவியா இருக்கிறாளே. கீழ்பென்னாத்தூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மற்றவர்கள் எழுதியதில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது அவள் வேலை. ரேவதி அவளைப் பார்த்ததில்லை, பேசினதுகூட இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்புவதுதான். தங்கமான பெண், சொன்னதைச் செய்வாள். கொஞ்ச நாளாக வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது.

ஓவியாவிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னதும் இனியன் முகம் வெளிறிவிட்டது.

"அவங்ககிட்ட மட்டும் வேணாம் மேடம்."

இதில் ஏதோ இருக்கிறது என்று ரேவதி நினைத்துக்கொண்டாள். வேண்டுமென்றே உடனே அனுப்பினாள். 'இனியன் வைத்த பெயர்களை எல்லாம் எட்டு எழுத்துக்குள் மாற்றுங்கள். நாலு மணிக்குள் வேண்டும். முடியாவிட்டால் இனியன் நாளைக்கு இங்கே இருக்க மாட்டார்.'

பத்து நிமிடத்தில் போன் அடித்தது. மெல்லிய பெண் குரல்.

"மேடம், ஓவியா பேசறேன். அவரை அனுப்பிடாதீங்க. அவரு எனக்காகத்தான் அப்படி எழுதறாரு."

"உங்களுக்காகவா?"

"எனக்குக் கண்ணு தெரியாது மேடம். எழுதினதைக் கம்ப்யூட்டர் சத்தமா படிக்கும், நான் காதால கேட்டுத்தான் வேலை செய்யறேன். முழு வார்த்தையா இருந்தா புரியும். சுருக்கிட்டா ஏதோ உளர்ற மாதிரி கேக்குது. ரெண்டு மாசமா மத்தவங்க எழுதினதை எல்லாம் பத்து தடவை, இருபது தடவை கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டறேன்."

ரேவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி நாலு கம்பெனியில சொன்னேன் மேடம். நாலு பேரும் அப்புறம் கூப்பிடறோம்னாங்க. இங்க போன்ல இன்டர்வியூ எடுத்தது இனியன் சார்தான். சொல்லியும் சேத்துக்கிட்டாரு. வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

அதோடு ஓவியா ஒன்று கேட்டாள்.

"இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. நாளையிலேருந்து நான் வேலையில இருக்கட்டுமா, வேணாமா மேடம்?"