தேயாத ஷூ

டாக்டர் நடக்கச் சொன்னதும் சிங்காரவேலு ஒரு ஜோடி ஷூ வாங்கினார். மழை விடட்டும், வெயில் தணியட்டும் என்று சொல்லிச் சொல்லியே அது பெட்டிக்குள் கிடந்தது.

"உன் குதிகாலில் ஓட்டையே விழுந்துடுச்சு," என்று வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பிடம் ஷூ சொல்லும். "என்னைப் பார், வாங்கினபடியே இருக்கேன்."

"பால் வாங்கவும் ரேஷனுக்கும் என்னைத்தானே இழுத்துக்கிட்டுப் போறார்," என்று செருப்பு முனகும்.

வருஷங்கள் போயின. ஒருநாள் மாடிப்படியில் ஏற முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்ட சிங்காரவேலு, மறுநாள் காலை வீம்பாக ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வருவதற்குள் அதன் அடிப்பாகம் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. முழங்காலும் மடங்க மறுத்தது. வாசலிலிருந்து பார்த்த மனைவி எடுத்துவந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பினார். ஷூ வாசல் குப்பைத்தொட்டிக்குப் போனது.

"ஒருநாள்கூட உழைக்கலையே, நான் எப்படி வீணாப்போனேன்?" என்று அங்கிருந்து கேட்டது.

செருப்பு வாய் திறப்பதற்குள் சிங்காரவேலு நாற்காலியில் சாய்ந்தார். "இனிமே எங்கே நடக்கிறது," என்று செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அந்த இருட்டில், செருப்புக்குத் தன் வார் விறைக்க ஆரம்பிப்பது தெரிந்தது.