தப்பாகச் சொன்னால் கோப்பை கழுவணும்

"பாவம், அந்தப் பொண்ணு நிஜப் பனியில எப்படி நடுங்குறா பாருங்க!" என்றாள் வெர்னா.

"நிஜப் பனியா?" அவள் கணவர் லோவல் நாற்காலியில் நிமிர்ந்தார். "நாப்பது வருஷமா என்கூடப் படம் பார்க்குற, இன்னும் புத்தி வரலையே! அது கார்ன்ஃபிளேக்ஸ். காலையில பால்ல போட்டுத் திங்குறோமே, அதேதான். வெள்ளை பெயிண்ட் அடிச்சு மேலேயிருந்து கொட்டினாங்க. மிதிச்சா நொறுநொறுன்னு சத்தம் கேட்கும். அதனால பேச்சையெல்லாம் பின்னாடி தனியாப் பதிவு பண்ணுவாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"ம், போ. போய்க் கோப்பையைக் கழுவு!" என்றார் லோவல், ராஜா மாதிரி.

எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மத்தியானம் கூடும் பழைய பட ரசிகர்களுக்கு அதுதான் சட்டம். படத்தைப் பற்றித் தப்பாக ஏதாவது சொன்னவர், எல்லோருடைய காபிக் கோப்பையையும் கழுவ வேண்டும்.

வாராவாரம் கழுவுவது வெர்னாதான்.

புதிதாகச் சேர்ந்த நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி மட்டம் தட்டும் ஒரு ஆளை விவாகரத்து செய்துவிட்டுத்தான் அவள் இந்த ஒஹையோ பக்கமே வந்திருந்தாள்.

"அந்த ஆளு எப்பவும் இப்படித்தானா?" என்று டுவேனைக் கேட்டாள். படம் ஓட்டுகிறவர் அவர்தான். வீடு முழுக்கப் பழைய பட போஸ்டராக ஒட்டி வைத்திருப்பவர்.

"கடவுள் புண்ணியத்துல, இன்னும் இப்படித்தான்," என்று பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டார் டுவேன்.

அடுத்த சனிக்கிழமை நோரீன் தயாராக வந்தாள்.

திரையில் கதாநாயகன் கதாநாயகிக்கு முத்தம் கொடுத்தான்.

"அந்தக் காலத்துல எவ்வளவு நேரம் வேணும்னாலும் முத்தம் கொடுக்கலாம், இல்ல?" என்றாள் வெர்னா.

லோவல் வாயைத் திறந்தார். அதற்குள் நோரீன் முந்திக்கொண்டாள்.

"எங்க விட்டாங்க? கொஞ்சம் நீண்டாலே தணிக்கைக்காரங்க கத்திரியைத் தூக்கிடுவாங்க!"

"ஹீரோ என்ன உயரம் பாருங்க..." என்றாள் வெர்னா.

லோவல் மறுபடி வாயைத் திறந்தார்.

"உயரமா? அந்தக் கால ஹீரோ பாதிப் பேரைப் பெட்டி மேல நிக்க வெச்சுத்தான் எடுத்தாங்க!" என்றாள் நோரீன். அப்புறம் திரும்பி, "என்ன லோவல், இன்னைக்கு உங்க வாய்க்கு லீவா? கோப்பையை நீங்க கழுவுறீங்களா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

லோவல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "வெர்னா, வீட்டுக்குப் போலாம்," என்றவர் நாலு சுவரையும் பார்த்தார். "கதவு... எந்தப் பக்கம்?"

டுவேன் எழுந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

சமையலறையில் குழாயடியில் நின்ற வெர்னாவிடம் போனாள் நோரீன். "என்ன ஆச்சு அவருக்கு? உங்களுக்காகத்தான் நான்..."

"கார்ன்ஃபிளேக்ஸ் விஷயத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் நோரீன். கல்யாணத்துக்கு முன்னாடி." வெர்னா கோப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க பொண்ணு பேரை மறந்துட்டாரு. பழைய படம் மட்டும்தான் இன்னும் தங்கியிருக்கு. நான் ஒரு தப்பை நீட்டுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்துடுவாரு. வாரத்துல இந்த ஒரு மத்தியானம்தான் அவர் என் பழைய லோவல்."

நோரீன் ஒரு கோப்பையை வாங்கித் துடைத்தாள். "மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"அய்யோ, தெரியவே கூடாது! ரோஷக்கார மனுஷன். இப்பவே வீட்டுக்குப் போலாம்ங்குறாரு. இனிமே வருவாரான்னே தெரியலை."

அடுத்த வாரம் வெர்னா அவரை இழுக்காத குறையாக அழைத்து வந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெர்னா நீட்டிய தப்புகள் எல்லாம் கீழே விழுந்தன.

திரையில் ஒரு கொலை. சட்டையெல்லாம் ரத்தம்.

"அம்மாடி, எத்தனை பாட்டில் தக்காளி சாஸ்!" என்று சத்தமாகச் சொன்னாள் நோரீன். "அந்தக் காலத்துல ரத்தம்னா தக்காளி சாஸ்தானே?"

லோவல் தரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. டுவேன் படத்தை நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

லோவலின் உதடு அசைந்தது.

"தக்காளி..." தொப்பியைக் கழற்றினார். "தக்காளி சாஸா! கறுப்பு வெள்ளைப் படத்துல அது எடுபடுமா, அம்மணி? சாக்லேட் பாகு! ஐஸ்கிரீம் மேல ஊத்துற சாக்லேட் பாகு! போன வாரம் பெரிசாப் பேசினீங்களே, எங்க போச்சு அந்த அறிவெல்லாம்? போங்க, போய்க் கோப்பையைக் கழுவுங்க!"

"அப்போ அன்னைக்குப் பார்த்தோமே, அந்தப் பனியாவது நிஜம்தானே லோவல்?" என்றார் டுவேன்.

"கலர் படம்தானே இது?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"பேசாத படம்தானே?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அதுவரை வசனத்துக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவள்.

யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் லோவல் முகம் சிவந்து, நாற்காலி மேலேயே ஏறாத குறையாக நின்றார்.

படம் முடிந்து வெர்னா சமையலறைக்குப் போனபோது உள்ளே நுழைய இடமில்லை. நோரீன், டுவேன், பின்வரிசை மொத்தமும் குழாயடியில் முட்டி மோதிக்கொண்டிருந்தது. கழுவ ஒரு கோப்பைகூட மிச்சமில்லை.

வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க எல்லாருக்கும்... தெரியுமா?"

டுவேன் கை நுரையை உதறினார்.

"எங்களுக்கா? சினிமாவைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே, வெர்னா!"