மாடிக்குப் போகாத சட்டை

ஒரு வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் சாம்பார் சிந்திவிட்டது. துவைகல்லில் சோப்பு பட்டதும் அந்த மஞ்சள் கறை ரத்தமாகச் சிவந்தது.

"ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்!" என்று பதறியது சோப்பு.

"பயப்படாதே. மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். ஒரு நாள் வெயில்ல போட்டா தானா வெளுத்துடும்," என்றது சட்டை. "என்னை மாடிக் கொடியில போட்டுடுங்க."

பக்கத்திலிருந்த துணி பிரஷ்ஷுக்குக் கோபம் வந்தது. "நெஞ்சுல இதை வச்சுக்கிட்டு மாடிக்கா? எதிர்வீட்டுக் கொடியில எத்தனை துணி காயுது தெரியுமா? அதுங்க முன்னாடி நம்ம மானம் போகணுமா? இங்கேயே தேய்ச்சு எடுத்துடறேன்."

"வலிக்குதுண்ணே."

"உன் நல்லதுக்குத்தான். பொறுத்துக்கோ."

மதியம் வரை பிரஷ் தேய்த்தது. கறை போய்விட்டது. கறை இருந்த இடத்தில் துணியும் போய்விட்டது.

"பார்த்தியா, ஒரு பொட்டு இல்ல," என்றது பிரஷ்.

இப்போது அந்தச் சட்டை அடுப்படியில் கரித்துணியாகக் கிடக்கிறது. தினமும் கொதிக்கிற சாம்பார்ச் சட்டியை அதை வைத்துத்தான் இறக்குகிறார்கள். உடம்பெல்லாம் மஞ்சள். மானத்தைப் பற்றி அதனிடம் யாரும் பேசுவதில்லை.