டிரெட்மில்லில் சவரிமுத்து

தேனியில் ஓர் இதய மருத்துவமனையின் சோதனை அறை. கணினிக்கு முன்னால் டாக்டர், அவர் பக்கத்தில் நர்ஸ் பவானி, சுவரோர ஸ்டூலில் லூர்தம்மாள். உட்காராதவர் லூர்தம்மாளின் கணவர் சவரிமுத்து மட்டும்தான், டிரெட்மில்லில் நடந்துகொண்டிருக்கிறார். ஆடு விற்ற இரண்டாயிரம் ரூபாயைக் காலையிலேயே சோதனைக்குக் கட்டியாகிவிட்டது. சவரிமுத்துவுக்கு வயிறு காலி. ஒயர் ஒட்டுவதற்காக மழித்த நெஞ்சு, டியூப்லைட் வெளிச்சத்தில் உரித்த கோழியைப் போல வெளுத்திருக்கிறது. இரவல் வாங்கிய மருமகனின் ஷூ பெரிது. அடிக்கு அடி தப்புத்தப்பென்கிறது. “திராட்சைத் தோட்டத்துக்குத் தெனம் இதவிட வேகமாப் போவாக,” என்கிறார் லூர்தம்மாள். டாக்டரின் கண் கணினித் திரையில். சவரிமுத்துவின் கை நெஞ்சுக்குப் போகிறது. டாக்டர் இயந்திரத்தை நிறுத்தி, அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறார். “பாதியில நிப்பாட்டிட்டீக. பாதிக் காசு திருப்பித் தருவீகளா?” லூர்தம்மாள் சிரிக்கப் பார்க்கிறார். பவானி ஈ.சி.ஜி. காகிதச் சுருளைக் கிழிக்கும் சத்தம். “அடைப்பு இருக்கும்போலம்மா. இன்னைக்கே மதுரைக்குப் போயி ஆஞ்சியோ பாக்கணும்,” என்கிறார் டாக்டர். “அங்கன எம்புட்டு ஆகும்?” டாக்டர் குனிந்து, மதுரை மருத்துவருக்குக் கடிதம் எழுதுகிறார். சவரிமுத்து கண்ணை மூடிக்கொள்கிறார். பவானி உறையை ஒட்டி, விளிம்பை விரலால் நீவுகிறார். லூர்தம்மாள் கையை நீட்டுகிறார். கடிதம் அவரைத் தாண்டி, வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவரின் கைக்குப் போகிறது.