பெடல் அழுத்திய மேடு

பூ விற்கும் மரகதத்தின் மலிவு விலை எலக்ட்ரிக் சைக்கிளில் ஒரு பெடலும், ஒரு சென்சாரும், ஒரு பேட்டரியும் குடித்தனம் நடத்தின. பெடல் சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் சென்சாரின் வேலை. சுற்றினால் போதும், "பெடலண்ணன் உழைக்கிறார்! பேட்டரி, நீயும் மோட்டாருக்குத் தெம்பு கொடு!" என்று குரல் கொடுத்துவிடும். அழுத்திச் சுற்றுகிறதா, சும்மா சுற்றுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இது பெடலுக்குத் தெரிந்துபோனது. அடேயப்பா, என்ன சந்தோஷம்! சும்மாவே சுற்றிக்கொண்டு காற்று வாங்கியது.

அன்று கூடையில் கல்யாண மாலை. முகூர்த்தத்துக்குள் குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி மேட்டில் பேட்டரி முனகியது.

"அண்ணே, சார்ஜுல ஒரே ஒரு கோடுதான் மிச்சம். முழுப் பாரமும் என் தலையிலயே. நான் நின்னுட்டா மாலை போய்ச் சேராது."

மேலே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. "முருகா!" என்று மூச்சைப் பிடித்து, பெடல் முதல் முறையாக அழுத்தியது.

"அப்படித்தாண்ணே! அழுத்துங்க! பாரம் பாதியாச்சு!" என்று பேட்டரி கூவியது.

ஏறியது, ஏறியது, ஏறியேவிட்டது சைக்கிள்! மரகதம் மாலையோடு ஓட, சற்றைக்கெல்லாம் கெட்டிமேளம் முழங்கியது.

சென்சார் பெடலைப் பார்த்து முகம் சுளித்தது. "என்னண்ணே, தினமும் விறுவிறுன்னு உழைப்பீங்க. இன்னிக்கு ஏன் இவ்வளவு மெதுவாச் சுத்துனீங்க?"

பெடலுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பேட்டரியோ, மிச்சமிருந்த அந்த ஒரே கோட்டோடு, விழுந்து விழுந்து சிரித்தது.